ஆடியோ சிஸ்டத்தைச் சோதிக்க எந்த இசைத்தட்டை எடுப்பது?

கேள்வி இதுதான்: டர்ன்டேபிள் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பாகம்) ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்க வேண்டும். இரண்டு மூன்றை ஒப்பிட்டுக் கேட்க எந்தெந்த எல்பி தட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம்? ஒலிப் பிரியர்களுக்கென விற்கும் 180 கிராம் ‘ஆடியோஃபைல்’ பதிப்புகள்தான் வேண்டுமா?

எந்த சிஸ்டத்தில் போட்டாலும் அருமையாக ஒலிக்கும் தட்டு சோதனைக்கு உதவாது. டெமோவுக்குப் போடப்படும் தட்டுகள் பெரும்பாலும் அந்த ரகம்தான். ஒரு கிடார், மெல்லிய பெண் குரல், சுற்றிலும் நிறைய அமைதி. சுமாரான ஸ்பீக்கரில்கூட அது இனிக்கும். அதைக் கேட்டுவிட்டு ‘ஆஹா’ என்று சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் பக்கத்து ஸ்பீக்கரிலும் அதே ‘ஆஹா’தான் வரும். கருவி தடுமாறும் இடத்தில் தானும் தடுமாறும் தட்டு, கருவி சரியானதும் சட்டென்று தெளியும் தட்டு, இதுதான் நமக்கு வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. சோதனைக்கு நீங்கள் தேர்ந்தெடுப்பது ஓர் ஆல்பத்தை அல்ல, அதன் ஒரு குறிப்பிட்ட பிரதியை. டிஜிட்டல் கோப்பு என்றால் பதிப்பின் பெயரைச் சொன்னால் போதும், உங்களிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒன்றே. தட்டு அப்படியில்லை. மூலத் தட்டில் பள்ளத்தை யார் வெட்டினார்கள், தட்டை அழுத்தும் உலோக அச்சான ஸ்டாம்பர் தேய்ந்த பிறகு அழுத்தியதா அதற்கு முன்பா, நடுத்துளை சரியாக விழுந்ததா, முன்பு எந்த ஊசி அதில் ஓடியது என்று ஒவ்வொரு பிரதிக்கும் தனிக் கதை உண்டு. லெட் ஸெப்பெலின் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1969ல் வந்தபோது, தட்டு வெட்டும் பொறியாளர் ராபர்ட் லட்விக் அதை மிகுந்த வீச்சோடு வெட்டியிருந்தார். மலிவான பிளேயர்களில் ஊசி தாவுகிறது என்று அந்த வெட்டைக் கைவிட்டு, அடக்கமாக மறுபடி வெட்டி வெளியிட்டார்கள். ஒரே ஆல்பம், ஒரே ஆண்டு, ஆனால் இரண்டு வேறு ஒலிகள். எது எது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும். ‘சோதனைக்கு ஏற்ற நூறு ஆல்பங்கள்’ போன்ற பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். பட்டியல் போட்டவர் கேட்டது உங்கள் பிரதியை அல்ல.

ஆகவே புதிதாக வாங்கும் முன், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தட்டுகளில் எது மனப்பாடமாகத் தெரியும் என்று பாருங்கள். ஐம்பது தடவை கேட்ட தட்டில் எந்த இடத்தில் பாடகர் மூச்சு இழுக்கிறார், எங்கே ஒரு சிறு ‘டிக்’ இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அளவுகோலின் பிழை தெரிந்தால்தான் அதை வைத்து அளக்க முடியும்.

அந்தப் பிழையை அறியாமல் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தனிப் பியானோ தட்டு வாங்கியிருந்தேன். நீண்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் அது மெல்ல ஏறி இறங்கியது. மோட்டார் தவறு என்று முடிவு கட்டி பெல்ட்டை மாற்றினேன், பேரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டேன், வேகத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் பக்கவாட்டில் குனிந்து, ஊசி பள்ளத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல் இடமும் வலமுமாக ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது. போவதற்கும் வருவதற்கும் சேர்த்து 1.8 விநாடி. 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுவே. தட்டின் நடுத்துளை மையத்தில் இல்லை, அவ்வளவுதான். டர்ன்டேபிளில் எந்தக் குறையும் இல்லை.

கணக்கு எளிது. துளை 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளியுள்ள பள்ளத்தில் சுருதி 1 சதவீதம் ஏறும், 1 சதவீதம் இறங்கும். ஓர் அரை ஸ்வர இடைவெளியே ஏறக்குறைய 6 சதவீதம்தான். தட்டின் உள்பக்கம் போகப்போக இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். துளை 0.2 மில்லிமீட்டர் மட்டும் விலகியிருந்தாலும், 60 மில்லிமீட்டர் ஆரத்தில் அது மூன்றில் ஒரு சதவீதம். நல்ல டர்ன்டேபிள்கள் தங்கள் வேகத் தடுமாற்றம் 0.1 சதவீதத்துக்கும் கீழே என்கின்றன. அதாவது, சற்றே பிசகிய தட்டு நல்ல டர்ன்டேபிளைவிடப் பெரிய பிழையைக் கொண்டுவருகிறது. எனவே வேகத்தைச் சோதிக்க ஒரு பியானோ தட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை ஓடவிட்டு ஹெட்ஷெல் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதற்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

ஏன் பியானோ? ஒருமுறை தட்டிய பியானோ ஸ்வரம் சுருதியில் அசையாது. வயலினும் குரலும் இயல்பாகவே அசைபவை, கமகம் நிறைந்த இசையோ வேகத் தடுமாற்றத்தை முழுதாக மூடி மறைத்துவிடும். தம்புரா தெளிவாகக் கேட்கும் தட்டு கிடைத்தால் அதுவும் நல்லது. நான்கு தந்திகளும் மாறாத சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே இருப்பதால் மெதுவான ஏற்ற இறக்கம் உடனே காதில் படும்.

வேகம் பற்றி ஒரு துணைக் குறிப்பு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959ல் பதிவானபோது முதல் அமர்வின் முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் பழைய பதிப்புகளில் முதல் பக்கம் முழுவதும் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். 1992ல்தான் இது முதலில் திருத்தப்பட்டது. பழைய பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, காது கூர்மையான ஒருவர் தன் டர்ன்டேபிளைத்தான் குறை சொல்வார். வேகம் சரியா என்று பார்க்க இசையை நம்பாதீர்கள், சம இடைவெளியில் கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டை வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடுகள். மின்னோட்டத்தோடு சேர்ந்து துடிக்கும் விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால் 33⅓ சரி.

இனி நான் எல்லாவற்றுக்கும் முதலில் எடுக்கும் தட்டு. அது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே சேனலாகப் பதிவான மோனோ தட்டு. ஒரே குரல், அல்லது குரலும் ஒரே ஒரு வாத்தியமும். பலரும் இதைக் கேட்டதும் வியக்கிறார்கள், ஸ்டீரியோ சிஸ்டத்தைச் சோதிக்க மோனோவா என்று. அதில்தான் விஷயமே இருக்கிறது. மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசையும், மேலும் கீழும் அசையாது. அதனால் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சேனல்களுக்கும் ஒரே சமிக்ஞை போக வேண்டும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவே, ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பரவி மங்கலாகத் தெரிந்தாலோ, ‘ஸ’ ஒலிகள் மட்டும் நடுவை விட்டு விலகி ஓடினாலோ, எங்கோ சமநிலை கெட்டிருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து வரும் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். குரல் இப்போது மறுபக்கம் சாய்ந்தால் குறை கார்ட்ரிட்ஜிலோ அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மிலோ இருக்கிறது. பழைய பக்கமே சாய்ந்து நின்றால் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், அறை இவற்றில் ஒன்று. ஸ்பீக்கர் வாங்கப் போகிற நீங்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நடுவில் நிற்க வேண்டிய குரல் மங்கலாக விரிகிறது என்றால் அந்த ஜோடியின் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றுபோல இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒன்று சுவருக்கு மிக அருகில் இருக்கலாம். ஸ்டீரியோ தட்டைப் போட்டால் இந்தக் குறை ‘விசாலமான மேடை’ என்று நமக்கே நல்லதாகத் தோன்றிவிடும்.

மோனோ தட்டால் இன்னொரு வேலையும் ஆகும். கார்ட்ரிட்ஜ் பின்னால் ஒரே ஒரு சேனலின் இரண்டு முனைகளை மாற்றி மாட்டி, ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டனை அழுத்தினால், இரண்டு சேனல்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் கிட்டத்தட்ட மறைந்துபோக வேண்டும். மிச்சம் கேட்பதெல்லாம் இரண்டு சேனல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. முன்னாலிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் இடமோ வலமோ சாய்ந்திருப்பதை, அந்த மிச்சம் மிகக் குறைகிற வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். சில கார்ட்ரிட்ஜ்களில் ஒரு முனை உலோக உடலோடு இணைந்திருக்கும், அவற்றில் இப்படிச் செய்தால் ஹம் வரும். அப்போது மற்ற சேனலை மாற்றிப் பாருங்கள். சோதனை முடிந்ததும் முனைகளைப் பழையபடி மாட்ட மறக்காதீர்கள்.

மோனோ தட்டு வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. 1950களின் அசல் தட்டுகள் 25 மைக்ரான் ஆரமுள்ள ஊசிக்காக வெட்டப்பட்டவை. கனமான டோன்ஆர்ம்களில் ஓடித் தேய்ந்தவை பல. வெட்டும்போது பாஸை எவ்வளவு குறைத்து, உயர் ஒலிகளை எவ்வளவு கூட்டுவது என்று சொல்லும் ஒலிச்சமன் வளைவும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறாக இருந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த வளைவு பொதுவானது 1954க்குப் பிறகுதான். சோதனைக்கு இந்தக் காலத்தில் மோனோவாகவே வெட்டி அழுத்திய மறுபதிப்பை எடுங்கள். பழைய அசலின் அழகைக் கேட்க இன்னொரு நாள் இருக்கிறது.

அடுத்து, தட்டின் உள்பக்கம். கார்ட்ரிட்ஜ்களை ஒப்பிடுவதென்றால் உண்மை வெளிப்படும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, ஆனால் ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் மாறுகிறது. வெளி விளிம்பில் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர். லேபிளுக்கு அருகே வரும்போது 21 சென்டிமீட்டர். அதே இசை, பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான்தான். உருண்டை முனை ஊசியின் ஆரம் வழக்கமாக 15 முதல் 18 மைக்ரான். இவ்வளவு குறுகிய வளைவுக்குள் அது எப்படி நுழையும்? நுழைவதில்லை. மேலோட்டமாக வழுக்கிப் போகிறது. அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் சொரசொரக்கிறது, சிம்பல் மணலாகக் கேட்கிறது. நீள்வட்ட முனையின் பக்க ஆரம் ஏறக்குறைய 8 மைக்ரான் என்பதால் அது இதைவிட நன்றாகச் சமாளிக்கும். கோட்டுத் தொடர்பு என்று சொல்லப்படும் மெல்லிய முனைகள் இன்னும் நன்றாக.

எனவே முதல் பாட்டை மட்டும் கேட்டு எந்தக் கார்ட்ரிட்ஜையும் முடிவு செய்யாதீர்கள். விளிம்பில் எல்லா ஊசியும் நல்ல ஊசிதான். ஒரே பாடகர் முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் பாடுகிற, ஒரே ஒலிக்கூடத்தில் பதிவான தட்டை எடுங்கள். முதல் பாட்டில் அவருடைய ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். உடனே ஊசியைத் தூக்கிக் கடைசிப் பாட்டில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்தக் கார்ட்ரிட்ஜின் மதிப்பெண். அது மெல்லிய முனையாக இருந்தும் கடைசிப் பாட்டில் சீறினால், பெரும்பாலும் பொருத்தியதில் பிழை இருக்கும். கார்ட்ரிட்ஜ் பள்ளத்துக்கு முற்றிலும் தொடுகோடாக நிற்பது தட்டில் இரண்டே இடங்களில்தான். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் அமைப்பில் அவை மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் வரும். ஊசியை இந்த இரண்டு புள்ளிகளிலும் கோணம் பார்க்கும் அட்டையான புரோட்ராக்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோதனையை ஆரம்பிக்க வேண்டும். சரியாகப் பொருத்தாத நல்ல கார்ட்ரிட்ஜ், சரியாகப் பொருத்திய சாதாரண கார்ட்ரிட்ஜிடம் தோற்றுப்போகும்.

இங்கேயும் தட்டின் குறையைக் கருவியின் மேல் போடும் ஆபத்து உண்டு. தேய்ந்த ஊசி ஒன்று முன்பு ஓடிச் சிதைத்த பள்ளம் எந்த ஊசிக்கும் சீறும். இதைப் பிரித்தறிய ஒரு வழி: வேறு வடிவ ஊசியிலும் அதே எழுத்து, அதே இடத்தில், அதே அளவு கிழிந்தால் தட்டுதான் காரணம். ஊசிக்கு ஊசி மாறினால் ஊசிதான். பாடகரே அப்படிச் சீறலாகப் பாடியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அதே பதிவின் டிஜிட்டல் வடிவத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மேற்கத்திய செவ்வியல் சிம்ஃபனிகளும் இந்தச் சோதனைக்கு அருமையானவை. பல சிம்ஃபனிகள் பேரோசையில் முடிகின்றன, தட்டிலோ அந்த முடிவு மிக நெருக்கடியான உள்வட்டத்தில் வந்து உட்காருகிறது. அந்த உச்சத்தில் வயலின்கள், பித்தளை வாத்தியங்கள், டிரம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தாராளமாக நல்ல பெயர் கொடுக்கலாம்.

பாஸுக்கு வருவோம். இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசி மேலும் கீழும் அதிகம் குதிக்காமல் இருக்க, தட்டு வெட்டுபவர்கள் கீழ் ஒலிகளைப் பெரும்பாலும் இரண்டு சேனலுக்கும் பொதுவாக்கி நடுவில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஆழமான பாஸ் இடது வலதாகப் பிரிந்து கேட்கிறதா என்று தட்டை வைத்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை. வேறொன்றைக் கேளுங்கள். ஒரு டபுள் பாஸ் படியேறி இறங்கும் பகுதியைப் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே பருமனில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கி, அடுத்தது காணாமல் போனால் அது அறையின் வேலை. உட்காரும் இடத்தை அரை மீட்டர் நகர்த்தினால் வீக்கம் வேறு ஸ்வரத்துக்குப் போவதைக் கேட்கலாம். அதற்காக ஸ்பீக்கரை நிராகரித்துவிட வேண்டாம். மிருதங்கம் தெளிவாகப் பதிவான தட்டும் இதற்கு நல்ல துணை. இடப்பக்கத் தொப்பியின் கும்காரமும் வலப்பக்க வலந்தலையின் கணீரும் ஒரே ஆளின் மடியிலிருந்து வர வேண்டும். தொப்பி ஓர் இடத்திலும் வலந்தலை இன்னோர் இடத்திலும் கேட்டால், ஸ்பீக்கரின் பெரிய யூனிட்டும் சின்ன யூனிட்டும் இன்னும் ஒன்றாகச் சேரவில்லை.

ஒரு பக்கம் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். 20 நிமிடத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. 28, 30 நிமிடத்தை ஒரே பக்கத்தில் திணித்தால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், அதற்காக ஒலி மட்டத்தையும் பாஸையும் குறைக்க வேண்டும். அப்படிப்பட்ட தட்டு உங்கள் ஸ்பீக்கரைச் சோனியாகக் காட்டும், பாவம் அதன் மேல் தவறில்லை.

இதன் மறுமுனையில் இருப்பது டெலார்க் நிறுவனம் 1979ல் வெளியிட்ட சாய்கோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சர். அதிலுள்ள பீரங்கி வெடிகளின் பள்ளங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும், பல கார்ட்ரிட்ஜ்களைத் தூக்கி எறிந்தவை. டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் எவ்வளவு தாங்கும் என்று அது காட்டும். ஆனால் அதில் ஊசி தாவிவிட்டது என்று ஒரு நல்ல கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்கப் போகும் இசை எதிலும் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்காது.

டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை இசைத் தட்டைவிடக் கணக்கே நன்றாகச் சொல்லும். டோன்ஆர்மின் செயல் எடை (effective mass), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டி, அதைக் கார்ட்ரிட்ஜின் ஊசி எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கும் என்று சொல்லும் நெகிழ்வெண்ணால் (compliance) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். மொத்தம் 17 கிராம், நெகிழ்வு 18 என்றால் விடை, அதாவது இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண், ஏறக்குறைய 9 ஹெர்ட்ஸ். 8க்கும் 12க்கும் நடுவே வந்தால் நல்ல ஜோடி. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவோடு அது மோதும். அப்போது இசையே இல்லாத இடத்திலும் ஸ்பீக்கரில் பாஸுக்கான பெரிய யூனிட்டின் (வூஃபர்) கூம்பு உள்ளும் புறமும் அலைவதைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்ப்பதற்காகவே லேசாக நெளிந்த ஒரு பழைய தட்டை நான் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

சோதனை ஒலிகள் மட்டுமே பதிந்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்று வேலைகளுக்குத்தான் எனக்கு அது தேவைப்படுகிறது. முதலாவது 1,000 ஹெர்ட்ஸ் ஒலி, இடது வலது மட்டத்தைச் சரிபார்க்கவும் இரண்டு கார்ட்ரிட்ஜ்களை ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடவும். இரண்டாவது 3,150 ஹெர்ட்ஸ் ஒலி. அதைப் போனில் ஒரு செயலி மூலம் பார்த்தால் வேகத் தடுமாற்றம் வரைபடமாகவே வந்துவிடும், தட்டின் துளைப் பிசகும் அதில் 1.8 விநாடி அலையாகத் தெரியும். மூன்றாவது, 300 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் படிப்படியாக வீச்சு கூடும் பட்டைகள். இவை ஊசி எதுவரை பள்ளத்தோடு ஒட்டி ஓடுகிறது என்று காட்டும். வலது பக்கம் முதலில் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட்டிங் (டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை, இடது பக்கம் முதலில் என்றால் அதிகம். ஆனால் கடைசிப் பட்டையும் சுத்தமாக வந்தே தீர வேண்டும் என்று ஆன்டி-ஸ்கேட்டிங்கை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அப்படி முறுக்கினால் சாதாரண இசையில் சமநிலை கெட்டுவிடும். கடைசிக்கு முந்திய பட்டை சுத்தமாக இருந்தால் போதும்.

அமைதியைச் சோதிக்கத் தனித் தட்டே வேண்டாம். எந்தச் சுத்தமான தட்டிலும் முதல் பாட்டுக்கு முன் உள்ள வெற்றுப் பள்ளத்தில் ஊசியை வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள். தூக்கிய பிறகும் ‘உம்’ என்று நீடித்தால் அது மின்சார ஹம், எர்த் ஒயரைப் பாருங்கள். ஊசி தட்டில் இருக்கும்போது மட்டும் கீழே உருளும் சத்தம் வந்தால் அது டர்ன்டேபிளின் பேரிங் அல்லது தட்டு. இன்னொரு தட்டைப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அதன் முதல் ஒலி தொலைவில் பேய்போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். பக்கத்துப் பள்ளத்தின் அழுத்தம் சுவரில் பதிந்ததால் வரும் முன்னெதிரொலி அது, சரியாக ஒரு சுற்றுக்கு முன்னால் கேட்கும். டேப்பிலிருந்தும் இப்படி வரலாம். எப்படியானாலும் உங்கள் கருவிகளுக்கு அதில் பங்கில்லை.

ஸ்பீக்கர்களுக்கு எனக்குப் பிடித்த சோதனை கைதட்டல். நேரடிக் கச்சேரிப் பதிவு எதிலும் இருக்கும், ஆனால் பலரும் அங்கே ஊசியைத் தூக்கிவிடுகிறார்கள். நல்ல சிஸ்டத்தில் கைதட்டல் என்பது தனித்தனிக் கைகள். சில அருகில், சில தூரத்தில், சில உள்ளங்கை குழிந்து, சில விரல் பட்டு. சுமாரான சிஸ்டத்தில் அது மழைச் சத்தம். யாருடைய மேளம், யாருடைய குரல் எப்படி இருக்க வேண்டும் என்று வாதாடலாம், கைதட்டல் எப்படி இருக்கும் என்பது எல்லாக் காதுக்கும் தெரியும். அதோடு, டேப்பே இல்லாமல் நேரே லேக்கர் பூசிய மூலத் தட்டில் வெட்டிய தட்டுகள் 1970களில் வந்தன. ஷெஃபீல்ட் லேப் வெளியீடுகள் அவற்றில் பெயர் பெற்றவை. ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், தவறினால் ஆரம்பத்திலிருந்து. அவற்றில் டிரம் அடியின் தொடக்கம் எவ்வளவு திடீரென்று வருகிறதென்று கேட்டால், ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் எவ்வளவு விரைவாக எழுகின்றன என்பது புரியும். கிடைத்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 180 கிராம் விஷயம். தட்டின் எடைக்கும் பள்ளத்தின் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை. பள்ளம் மேற்பரப்பில்தான் இருக்கிறது. கனமான தட்டு கையில் உறுதியாக இருக்கும், அவ்வளவுதான். தட்டு அரை மில்லிமீட்டர் தடித்தால் ஊசியின் கோணம் மாறிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. 230 மில்லிமீட்டர் நீள டோன்ஆர்மில் அந்த மாற்றம் ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு. 45 சுற்று வேகத்தில் வெட்டிய பதிப்பு என்றால் விஷயம் வேறு. பள்ளம் 35 சதவீதம் வேகமாக ஓடுவதால் உயர் ஒலிகளுக்கு இடம் அதிகம், உள்வட்டச் சிக்கல் குறைவு. கேட்பதற்கு அது நல்லது. ஆனால் பலவீனத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனைக்கு, சிக்கல் குறைந்த தட்டு எதற்கு? முழுக்க அனலாக் வழியில் வந்ததா என்ற கேள்விக்கும் இதேதான் பதில். ஆடியோஃபைல் மறுபதிப்புகளுக்குப் பெயர் பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பல தட்டுகள் நடுவில் ஒரு டிஜிட்டல் படியைக் கடந்தவை என்று 2022ல் தெரியவந்தது. அதுவரை அவற்றை வைத்து ஊசி பொருத்தியவர்களின் ஊசிகள் அதனால் கோணிவிடவில்லை.

ஒப்பிடும் முறை பற்றிச் சுருக்கமாக. இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் ஒரே சத்தத்தில் ஒலிக்காது, மின்னழுத்தம் வேறு வேறு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘தெளிவாக’ இருப்பதுபோல் தோன்றும். ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் பட்டையை வைத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள். ஒரு நிமிடப் பகுதி ஒன்றை எடுத்து அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள், முழு ஆல்பத்தையும் அல்ல. ஒவ்வொரு தடவையும் தட்டையும் ஊசியையும் சுத்தம் செய்யுங்கள். யாராவது கூட இருந்தால் எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, அறிமுகமில்லாத டர்ன்டேபிளில் உங்கள் நல்ல பிரதியை முதலில் வைத்துவிடாதீர்கள். அங்கே மாட்டியிருக்கும் ஊசி தேய்ந்திருந்தால் ஒரே ஓட்டத்தில் உங்கள் அளவுகோல் கெட்டுவிடும். போனால் பரவாயில்லை என்கிற ஒரு தட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

எத்தனை தட்டு வேண்டும் என்றால், எனக்கு ஆறு போதுமாக இருக்கிறது. மோனோ குரல் ஒன்று, துளை சரியாக உள்ள பியானோ ஒன்று, முதலிலும் கடைசியிலும் ஒரே குரல் வரும் தட்டு ஒன்று, பேரோசையில் முடியும் சிம்ஃபனி ஒன்று, கைதட்டலுள்ள கச்சேரி ஒன்று, சோதனை ஒலித் தட்டு ஒன்று. ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். கச்சேரித் தட்டின் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பக்கம் 2. வெளி விளிம்பில் லேசான நெளிவு. இரண்டாம் பாட்டின் நடுவில் மூன்று டிக், தட்டில் உள்ளவை. கடைசிக் கைதட்டலில் இடது ஓரத்தில் ஒருவர் மட்டும் தாமதமாகத் தட்டுகிறார், அவர் தெரிகிறாரா பார்.” கீழே, எந்தக் கருவியில் அவர் தெரிந்தார், எதில் தெரியவில்லை என்று தேதியோடு குறித்துக்கொண்டு வருகிறேன்.